கல்வெட்டின் பதினோராம் பக்கம்

தம்பி,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். வாசி. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஜெர்மன்காரனுடைய முள்ளு முள்ளான கறுப்பு எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசிக்கிறவனுக்கு அப்பனுடைய கையெழுத்து பெரிய பாடாக இருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் நான் வேலைக்கு லீவு கேட்கிற மாதிரித்தான் எழுதுவேன். மரியாதையாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. எனக்கு இப்போது கோபப்பட வேண்டும், அதற்குத் தமிழ்தான் வசதி.

முதலில் உன்னுடைய வட்ஸ்அப் செய்தி. நாலு வரி. அடுத்த கிழமைக்கு அடுத்த வியாழன் பயணம், இரண்டு வருடம் ஜெர்மனி, உன்னிடம் இருக்கிற எங்கள் வீட்டுக் கதவுத் திறப்பைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிறாய், பூஞ்சாடிகளை யாரோ சிநேகிதருக்குக் கொடுத்தாயிற்று. பூஞ்சாடிகளுக்கு ஒரு முழு வரி ஒதுக்கியிருக்கிறாய், எனக்கு ஒரு வரி இல்லை. உன் அப்பார்ட்மென்டிலிருந்து என் வீடு காரில் இருபது நிமிடம். தபால் பெட்டி வரைக்கும் வருகிறவன் இன்னும் ஆறு அடி நடந்து கதவைத் தட்டினால் என்ன குறைந்துபோகும்? தட்டினால் நான் திறப்பேன், திறந்தால் கதைக்க வேண்டி வரும், அதுதானே?

உனக்கு என் மேல் கோபம். அதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் நீ நினைப்பதைவிடப் பெரியது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எனக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது. அம்மா மேல் இருக்கிறது, அவள் கண்ணை மூடி நாலு மாதமாகிறது, சண்டை பிடிக்க ஆளில்லை. என் மேல் இருக்கிறதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப் போகிறேன். இடையில் "அப்பா, கம் டு த பொயின்ற்" என்று சொல்ல நீ பக்கத்தில் இல்லை, அது ஒரு நல்ல விஷயம்.

நீ எஞ்சினியரிங்கை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு, ஜெர்மனியில் முதன்முதலாக ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த ஆட்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றபோது நான் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். பொய். சாப்பிட்டேன். கதைக்கத்தான் இல்லை. பிறகு வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நீ அந்த அச்சுக்காரர்களின் கதைகளைச் சொல்வாய். மைன்ஸ் என்ற ஆற்றங்கரைப் பட்டினத்தில் தொழில் தொடங்கியது, பிறகு இரண்டு பெரிய குருமாருக்கு இடையில் பதவிச் சண்டை வந்து, படை உள்ளே புகுந்து, அச்சுக்காரர்கள் ஊரை விட்டுச் சிதறி வேறு பட்டினங்களுக்கும் வேறு நாடுகளுக்கும் போனது, அப்படிப் போனதால்தான் தொழில் பரவியது. "தே வேர் றெபியூஜீஸ் அப்பா, உங்களை மாதிரி" என்றாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாங்கள் தொழிலைப் பரப்ப வெளிக்கிடேல்லை. ஒரு சொப்பிங் பாக்கோட வெளிக்கிட்டனாங்கள்" என்றேன். அம்மாதான், "பிள்ளை ஒரு கதை சொன்னால் கேளுங்கோவன்" என்று என்னை அடக்கினாள். அவள் கேட்பாள். கேள்வியும் கேட்பாள். நான் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் காதில் விழுந்தது விழுந்தபடி கிடந்திருக்கிறது, இப்போது ஒவ்வொன்றாக எழும்பி வந்து என்னை இருக்கவிடுகுதில்லை.

அந்த முதல் ஐம்பது வருடத்துக்குள் அச்சான புத்தகங்களுக்குத் தொட்டில் என்று பொருள் வருகிற ஒரு லத்தீன் பெயர் இருப்பதாகவும், ஜெர்மன்காரர் நேராகவே தொட்டில் அச்சு என்பார்கள் என்றும் நீ ஒருநாள் சொன்னாய். அச்சுத் தொழில் அப்போது பிறந்த குழந்தை, அதனால் அந்தப் பெயர். உன்னுடைய படிப்பில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான், பிடித்ததற்குக் காரணம் வேறு. உனக்கும் நிவேதாவுக்கும் அப்போது கலியாணமாகி நாலு வருடம். மோர்னிங்சைட்டில் சித்தப்பா வீட்டில் அவருடைய பேரனுக்கு முதலாவது பிறந்தநாள் வந்தது, ஞாபகம் இருக்கும். கேக் வெட்டி முடிந்து எல்லோரும் பேஸ்மென்டில் இருந்தோம். யாரோ "மகன் என்ன படிக்கிறார்?" என்று கேட்டார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "அவர் தொட்டில் புத்தகம் படிக்கிறார். படிச்சுப் படிச்சு ஒருநாள் வீட்டிலயும் ஒரு தொட்டில் கட்டுவார் எண்டு நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறம்" என்றேன். பெரிய சிரிப்பு. நிவேதாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கையிலிருந்த பேப்பர் தட்டை மேசையில் வைத்துவிட்டு மேலே போனாள். அம்மா என் முழங்கைக்கு மேலே நன்றாகப் பிடித்துக் கிள்ளினாள். எங்களுக்குக் கலியாணமான காலத்திலிருந்து சபையில் வைத்து அவள் என்னைக் கிள்ளியது அந்த ஒருமுறைதான். காரில் வரும்போது "ஏன் கிள்ளினனீ?" என்று கேட்டேன். "வாயைக் கொஞ்சம் மூடி வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு, 401 ஹைவேயில் குறுக்கே வந்த ஒரு லொறிக்காரனை ஏசத் தொடங்கினாள். எக்ஸிற் வரும்வரைக்கும் ஏசினாள். நான் அதெல்லாம் லொறிக்காரனுக்கு என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இனிக் கல்வெட்டுக்கு வருகிறேன். செத்த வீட்டு முப்பத்தோராம் நாள் சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பெயர் அது. அடிப்பது தாளில், பெயர் கல்வெட்டு. நீ இதை உன் பேராசிரியைக்கு விளக்கியபோது அவர் அதிசயப்பட்டாராம். உள்ளே படம், வாழ்க்கைக் குறிப்பு, பிறகு ஒவ்வொருவராகப் புலம்பல், இடையிடையே தோத்திரம். கணவர் புலம்பல், மகன் புலம்பல், மருமகள் புலம்பல் என்று செய்யுளில் போகும். யாரும் தாங்களாக எழுதுவதில்லை. ஸ்காபரோவில் வசந்தனுடைய அச்சகத்துக் கொம்பியூட்டரில் எல்லாப் புலம்பலும் தயாராக இருக்கிறது, முந்திச் செத்தவருடைய பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட்டுத் தருவார். நான் போய் இருந்து, படத்தைக் கொடுத்து, புரூஃப் பார்த்து, சரி என்று கையெழுத்து வைத்து, முந்நூறு அடிக்கச் சொன்னேன். அச்சகத்திலிருந்து பெட்டிகள் முப்பத்தோராம் நாள் காலையில்தான் நேராக ஹோலுக்கு வந்தன.

ஊரில் அந்தக் காலத்தில் கல்வெட்டை ராகத்தோடு பாடுவார்கள். இங்கே பாட ஆளில்லை. நிவேதா சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கெல்லாம் போனவள், இங்கே பிறந்தும் ழகரம் பிசகாமல் வாசிப்பாள். நான்தான் கேட்டேன், "பிள்ளை, நீ வாசியம்மா." அவள் "ஓம் மாமா" என்று மைக்கிற்குப் போனாள். வாழ்க்கைக் குறிப்பு வாசித்தாள். என்னுடைய புலம்பல், உன்னுடைய புலம்பல், தன்னுடைய புலம்பல் எல்லாம் வாசித்தாள். சனம் கண்ணைத் துடைத்தது. பதினோராம் பக்கத்துக்கு வந்தாள். "பேரப்பிள்ளைகள் புலம்பல்" என்று தலைப்பை வாசித்தாள். "அப்பம்மா மடியெங்கே, எமைத் தாலாட்டும் கையெங்கே" என்று முதல் வரியையும் வாசித்துவிட்டாள், வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது. பிறகு நின்றாள். பின்னால் சாப்பாட்டுத் தட்டங்கள் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டுப் பக்கக் கதவால் வெளியே போனாள். நீ எழும்பிப் போய் மைக்கைப் பிடித்து "சின்ன அச்சுப்பிழை" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை நீயே வாசித்தாய். நன்றி நவிலலில் நீ தடக்குப்பட்ட இடமெல்லாம் முன்வரிசைப் பெண்டுகள் எடுத்துக் கொடுத்தார்கள். உனக்கு முகம் சிவந்திருந்தது. எனக்கு அப்போது, இவன் தமிழை ஒழுங்காகப் படிக்கவில்லையே என்றுதான் ஆத்திரம் வந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வந்தது, தம்பி.

கார்பார்க்கில் நான் உங்கள் காருக்குக் கிட்ட வரும்போது கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. நீ நிவேதாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். "வசந்தன் அண்ணை பழைய ஃபைலை அப்பிடியே யூஸ் பண்ணியிருக்கிறார். நோபடி மென்ற் இற். அந்த நூரெம்பெர்க் படங்கள் மாதிரி." நூரெம்பெர்க் கதை எனக்கும் தெரியும், அதுவும் சாப்பாட்டு மேசையில் விழுந்ததுதான். அந்தப் பட்டினத்தில் பெரிய உலக வரலாற்றுப் புத்தகம் ஒன்றை அச்சடித்தவர்கள், மரக்கட்டையில் செதுக்கிய ஒரே படத்தை ஒரு பக்கத்தில் ஒரு நகரம் என்றும் இன்னொரு பக்கத்தில் வேறு நகரம் என்றும் போட்டார்கள், ஒரே முகத்தைப் பல ராசாக்களுக்கு வைத்தார்கள். கட்டை கையில் இருக்கிறது, இடம் நிரம்ப வேண்டும், போட்டார்கள். யாரையும் நோகடிக்க இல்லை. நீ எனக்காக வழக்காடிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பிறகுதான் நீ என் பக்கம் திரும்பினாய். "அப்பா, வீ லொஸ்ற் டூ பேபீஸ். ரெண்டு தரம். அம்மாக்குத் தெரியும். ரெண்டாம் தரம் அம்மாதான் ஹொஸ்பிட்டல்ல இவளோட நிண்டவ. நான் அப்ப கொன்ஃபரன்ஸில." அதற்கு நான் சொன்னது, "ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" அவ்வளவுதான். அவளைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. என்னுடைய குறையைத்தான் சொன்னேன். நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரை எடுத்தாய். அன்று தொடங்கினது இந்த நாலு வரிச் செய்திகள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அது அச்சுப்பிழை இல்லை. பழைய ஃபைலில் இருந்து வந்தது மெய், ஆனால் புரூஃபில் அந்தப் பக்கத்தில் அம்மம்மா என்று இருந்தது, முந்திச் செத்த மனுசிக்குப் பெண் வழிப் பேரப்பிள்ளைகள் போல. வசந்தன் என்னிடம் கேட்டார், "அங்கிள், உதில அம்மம்மாவோ அப்பம்மாவோ வரோணும்?" நான், "மகன்ர பிள்ளையள் எண்டால் அப்பம்மாதானே" என்றேன். "பிள்ளையளின்ர பேர் போடுவமோ?" என்றார். "பேர் வேண்டாம்" என்றேன். அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது, இல்லாத பிள்ளைகளுக்குப் புலம்பல் அடிக்கப் போகிறோம் என்று. "இதை எடுப்பமோ தம்பி?" என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. அவர், "எடுக்கலாம் அங்கிள். ஆனா பக்கம் நாலால பிரியோணும். ஒண்டை எடுத்தால் ஒரு வெறும் பக்கம் வரும், வடிவில்லை" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. பக்கக் கணக்கு ஒரு சாட்டு. இருக்கட்டும், பெடியன் பார்க்கட்டும், பார்த்தாவது புத்தி வரட்டும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. செத்த மனுசியின் புத்தகத்தில் மகனுக்கு ஒரு குத்தல் வைத்தேன். நீ அதை வசந்தனுடைய தலையில் போட்டாய், நான் போட விட்டேன்.

எழுதிவிட்டேன். ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

ஆனால் என்னுடைய ஆத்திரமும் முடியவில்லை. என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? இரண்டாம் தரம் அம்மா ஆஸ்பத்திரியில் நின்ற அன்று, மிசிசாகாவில் ஓவர்டைம் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள். பிளேனுக்குச் சாப்பாடு கட்டுகிற வேலைக்கு ஓவர்டைம் வருவது புதினமில்லை, நம்பினேன். அவள் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அவள் கறி வைக்காமல் போனதற்கு நான் முறைப்பட்டேன். "களைப்பாக் கிடக்கு, நாளைக்கு வைக்கிறன்" என்றாள். அதைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாள்? இந்தக் கேள்வியோடுதான் நான் இரண்டு மாதமாக வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். பதில் டோர்செட் பார்க்கில் கிடைத்தது.

போன மாதம் நான் ஒரு வேலை தொடங்கினேன். நீ சொல்வாயே, அந்தக் காலத்து அச்சுக்கூடங்களில் பிழை கண்டுபிடித்தால், விற்கமுன் பிரதி பிரதியாக எடுத்துப் பேனையால் திருத்துவார்கள் என்று. பின்னால் பிழை திருத்தப் பட்டியல் போட்டவர்களும் உண்டு என்று. நான் விற்கமுன் திருத்தவில்லை, கொடுத்த பிறகு யோசனை வந்தது. சரி, வீடு வீடாகப் போய் அந்தப் பக்கத்தை வெட்டி எடுப்போம் என்று ஒரு பிளேடும் அடிமட்டமும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். முதலில் போனது டோர்செட் பார்க்கில் இருக்கிற, அம்மாவோடு வேலை செய்த பூமணியிடம். அவ கல்வெட்டைச் சுவாமி படத்தட்டில் அம்மாவின் படத்தோடு வைத்திருந்தா.

"பூமணி, உந்தக் கல்வெட்டை ஒருக்காத் தாரும். ஒரு பக்கம் வெட்டோணும்."

"என்ன அண்ணை கதைக்கிறியள்? கல்வெட்டைத் திருப்பிக் கேக்கிற மனுசனை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

"பிழை விட்டிட்டன்."

அவ எழும்பிச் சுவாமித் தட்டடிக்குப் போனா. பிறகு எடுத்துத் தந்தா. "எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. அவ எங்களுக்குச் சொன்னவ. உங்கட மருமகப் பிள்ளைக்காக வேலையில நிண்டு அழுதவ." மிசிசாகாவில் சாப்பாடு கட்டுகிற வரிசை முழுவதற்கும் தெரிந்திருக்கிறது, தம்பி. எனக்குத் தெரியாது. "பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அவவிடமும் கேட்டேன், எனக்கு வேறு கேள்வி வராது போல. "நானும் கேட்டனான் அண்ணை. அவருக்குச் சொன்னால் அவர் ஏதாவது சொல்லுவார், சொன்னாப் பிறகு அதை எடுக்கேலாது எண்டவ." ஏசுகிறதாகச் சொல்லவில்லையாம். சாதாரணமாகத்தான் சொன்னாளாம், மரக்கறி அரிந்துகொண்டு.

பூமணியின் மேசையில் வைத்துப் பதினோராம் பக்கத்தை அடியோடு வெட்டினேன். வெட்டிவிட்டுப் புத்தகத்தைத் தூக்க, முன்னுக்கிருந்து இன்னொரு தாள் கழன்று தரையில் விழுந்தது. பூமணி குனிந்து எடுத்தா. "இது உங்கட புலம்பல் எல்லோ?" என்றா. ஐந்தாம் பக்கம். கணவர் புலம்பல். நான் பிளேடையும் கையில் வைத்துக்கொண்டு முழுசினேன். அவ தேத்தண்ணி போடப் போனா.

உனக்கு இது சிரிப்பாக இருக்கும். ஒரு தாளை மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கும், ஒன்றை வெட்டினால் மற்றதுக்குப் பிடி இல்லை என்பது நீ முதலாம் வருடத்தில் படித்தது. நாற்பது வருடம் பிளாஸ்டிக் கொம்பனி, பேக்கரி என்று மெசினோடு மாரடித்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். வசந்தன் கம்பியைக் கழற்றித் தாளை விரித்துக் காட்டினார். ஒரே தாள்தான், ஒரு பாதியில் பேரப்பிள்ளைகளுடைய புலம்பல், மற்றப் பாதியில் என்னுடையது. இரண்டுக்கும் முதுகில் தோத்திரம், அது எல்லோருக்கும் பாடம். "இந்த ஒரு தாளை மட்டும் புதுசா அடிச்சு உள்ளுக்க வைக்கலாம் அங்கிள். ஆனா அஞ்சாம் பக்கத்துக்கும் பதினோராம் பக்கத்துக்கும் என்ன போடுறது?" என்றார். நான் அவரிடம், அன்று நடந்ததற்கு உம்மில் பிழையில்லை என்று சொன்னேன். அவருக்கு யாரும் பிழை சொன்னதே தெரியாது.

பழைய ஐந்தாம் பக்கத்தை அங்கே இருந்து முதல்தடவையாக ஒழுங்காக வாசித்தேன். மல்லிகைப் பூவே, மங்கல விளக்கே, மறுசொல் அறியாத மாதரசி என்று போகிறது. மல்லிகை அம்மாவுக்கு ஒத்துவராது, தும்முவாள். மறுசொல் அறியாதவள் என்றால் 401இல் போகிற லொறிக்காரர்கள் சாட்சி சொல்லட்டும். அந்தப் பக்கத்தில் இருந்த மனுசியை எனக்கு அறிமுகமே இல்லை. யாரோ ஒருத்தியின் மரக்கட்டைப் படத்தை என்னுடைய மனுசி என்று போட்டு, கீழே என் பெயரையும் வைத்து, ஹோல் நிறைந்த சனத்துக்கு வாசிக்க வைத்திருக்கிறேன்.

அதனால் ஒரு கிழமை இருந்து நானே எழுதினேன். செய்யுள் வராது, வசனம்தான். இவள் இருபத்திரண்டு வருடம் மிசிசாகாவுக்குக் கார் ஓட்டினாள். கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு மற்றச் சாரதிகளை ஏசினாள். மகன் சொன்ன கதைகளைக் கேட்டாள், கேள்வியும் கேட்டாள். நான் கேட்கத் தெரியாதவன் என்பதால் சிலதை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள். அவள் களைப்பாக இருக்கிறது என்று சொன்ன அன்று, ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். இவ்வளவுதான். வசந்தன் வாசித்துவிட்டு, "அங்கிள், புலம்பல் மாதிரி இல்லையே" என்றார். போடும் என்றேன்.

பதினோராம் பக்கம் வெறுமையாக இருக்கட்டும் என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "ஆக்கள் மெசின் பிழை எண்டு நினைப்பினம். ஒரு விளக்குப் படமாவது போடுவம்." வேண்டாம் என்றேன். திரும்பிக் கிடைத்த பிரதிகளுக்கெல்லாம் தாள் மாற்றியாயிற்று. சிலது கிடைக்கவில்லை. ஒன்று லண்டனுக்குப் போய்விட்டதாம், ஒருவர் வீடு மாறும்போது தவறவிட்டுவிட்டாராம். திருத்தாமல் தப்பிப்போன பிரதிகளைத்தான் உங்கள் ஆட்கள் தேடித் தேடி வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அப்படியே என்னுடைய பிழையும் எங்காவது ஒரு அலுமாரியில் இருந்துகொண்டிருக்கும். அதை என்னால் இனி ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் வெறுமையாக விட்டேன் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவுக்குப் போனில் ஒரு படம் காட்டினாய். பழைய ஜெர்மன் புத்தகத்தின் பக்கம். அத்தியாயம் தொடங்குகிற இடத்தில் ஒரு சதுரம் வெறுமையாக இருந்தது, அதன் நடுவே கடுகு அளவில் ஒரு எழுத்து. முதல் எழுத்தை நிறம் போட்டுப் பெரிதாகக் கையால் கீற ஒருவர் பிறகு வருவார், அவருக்கு எந்த எழுத்து என்று தெரிவதற்காக அச்சுக்காரர் சின்னதாக அடித்து வைப்பார் என்றாய். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஏன் தம்பி, கீறுறவர் வராட்டி?"

"வராட்டி அப்பிடியே இருக்கும் அம்மா. நிறையப் புத்தகம் இன்னும் அப்பிடித்தான் இருக்கு."

"அப்ப சனம் எப்பிடி வாசிக்கும்?"

"வாசிக்கும். எழுத்து இல்லாட்டியும் விளங்கும்தானே."

"அப்ப உந்தச் சின்ன எழுத்து?"

"அது சும்மா நிக்கும். வெயிற்றிங்."

"பாவம்" என்றாள் அம்மா. நிவேதா அப்போது மேசையிலிருந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் செய்தியின் சத்தத்தைக் கூட்டினேன். நாளைக் கணக்குப் பார்த்தால் அது அந்த ஓவர்டைமுக்கு அடுத்த மாதம். அம்மா யாரைப் பாவம் என்றாள் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நான்தான் உங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு முறையும், பிறந்தநாள் வீட்டில், கோயிலில், கடைசியில் அவளுடைய கல்வெட்டிலும், வராத பிள்ளைக்கு இடம் பிடித்து அந்தச் சின்ன எழுத்தை அடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நிவேதாவிடம் கொடு, அவள் உன்னைவிட நன்றாக வாசிப்பாள். மைக் இல்லை, சனம் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தட்டும், கிழித்துப்போட வேண்டுமென்றாலும் போடட்டும். அவளிடம் அன்று கார்பார்க்கில் சொல்லியிருக்க வேண்டியதை நேரில்தான் சொல்ல வேண்டும், எழுதினால் அதற்கும் நான் ஒரு பழைய கட்டையைத்தான் எடுப்பேன். திறப்பைப் பெட்டிக்குள் போடாமல் கதவைத் தட்டுங்கள். வியாழக்கிழமை ஏர்போட்டுக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன். அம்மாவைப் போல் ஏச மாட்டேன், வாயைத் திறக்காமல் ஓட்டுகிறேன். தட்டாமல் போனாலும் எனக்குக் கோபம் வரும், வந்துவிட்டுப் போகட்டும், அது என்னுடைய பாடு.

திருத்திய கல்வெட்டு ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பதினோராம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் பிடித்து, உன்னுடைய பூதக்கண்ணாடியையும் வைத்துத் தேடிப் பார். பென்சிலால்கூட ஒரு எழுத்து எழுதி வைக்கவில்லை.

அப்பா